மேட்டில் பரப்பிய வைக்கோல்

சின்னப்பனுக்கு அதிகாரிகள் மேல் இருந்த கோபம் ஊரறிந்தது. சித்தேரி மலையடிவாரத்தில் ஆற்றை மறித்து அணை கட்டியபோது அவனுடைய நிலமும் வீடும் தண்ணீருக்குள் போயின. பதிலுக்குக் காலனியில் சிமெண்ட் ஷீட் போட்ட வீடு ஒன்றைக் கொடுத்தார்கள். காற்று நுழைய வழியில்லை. சுவர் இடுக்கெல்லாம் மூட்டைப்பூச்சி. முதல் மழையிலேயே தரை ஊறியது. கைக்குழந்தையாக இருந்த மகன் சளி கட்டிச் செத்தான்.

"எங்களக் கேட்டா இந்த வூட்டக் கட்டுனானுங்க?" டீக்கடையில் எவன் அகப்பட்டாலும் பிடித்துக்கொள்வான். கேட்டுக் கேட்டு ஊருக்கே காது புளித்துவிட்டது.

1987 கோடையில் தண்ணீர் வற்றி, அவனுடைய பழைய களத்துமேடு தலைகாட்டியது. பார்க்கப் போனான். அங்கே ஆலாக்கள் குடியிருந்தன. மஞ்சள் அலகும் கறுப்புத் தலையுமாக, ஒருகாலத்தில் ஆற்று மணல் முழுக்க முட்டையிட்ட பறவைகள். மணல் அள்ள லாரிகள் வந்தபிறகு அவை அற்றுப்போயின. அந்தப் பக்கத்தில் மிஞ்சியது இந்த நாலு ஜோடிதான்.

சின்னப்பனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தன் மண்ணில் இவற்றின் குஞ்சுகளாவது பிழைக்கட்டும் என்று நினைத்தான். ஆடு, நாய் எதையும் மேட்டுப் பக்கம் அண்டவிடவில்லை. ஒன்றுதான் அவனை உறுத்தியது. முட்டைகள் வெறும் சரளைக்கல்லில் கிடந்தன. ஒரு துரும்புகூட இல்லாமல் இது என்ன பிழைப்பு?

அவன் மனைவி லூர்து மேரி, அடைகோழி நன்றாகக் குஞ்சு பொரித்த வைக்கோலை எறியமாட்டாள். ராசியான வைக்கோல் என்று அடுத்த அடைக்கும் அதையே போடுவாள். அவளிடம் சொல்லாமல் அதை அள்ளிக்கொண்டு சின்னப்பன் முழங்கால் தண்ணீரில் நடந்தான். முட்டைகளுக்கு அடியில் மெத்தையாகப் பரப்பினான். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று, கோழி அடைக்கு வைப்பதுபோலவே கரித்துண்டும் காய்ந்த மிளகாயும்கூட வைத்தான். ஆலாக்கள் தலையில் கொத்தின, சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். அவை திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

குஞ்சு பொரிந்ததும் லூர்து மேரியைக் கூட்டிப்போய்க் காட்டினான். தூரத்திலேயே அவள் நின்றுவிட்டாள். கூட்டில் இறங்கிய தாய் ஒன்று உடம்பை உதறிக்கொண்டு உடனே எழும்பியது. மற்றவை மேலேயே கத்திக்கொண்டு சுற்றின. குஞ்சுகள் வெயிலில் கழுத்து துவண்டு கிடந்தன. அவள் ஓடிப்போய் ஒன்றைக் கையிலெடுத்தாள். கண்ணைச் சுற்றியும் இறக்கையடியிலும் கடுகு தூவினாற்போலச் செள்ளுப்பூச்சி.

"ஏங்க, இது நம்ம கோழிச் செள்ளுங்க. வைக்கோல்ல ஏறி வந்திருக்குது."

"நம்ம கோழிக்கு ஒண்ணும் ஆவலையே, லூர்து?"

"அதுங்களுக்கு நான் சாம்பலு போட்டு உடறேன். இதுங்களுக்கு ஆரு போடுவா? வெறுங்கல்லுல செள்ளு எங்கங்க தங்கும்? அதான் அங்க முட்ட வெச்சிருக்குது."

சின்னப்பன் வைக்கோலை வாரித் தண்ணீரில் எறிந்தான். குஞ்சு ஒவ்வொன்றாக எடுத்து விரலால் துடைத்தான். துடைத்துக்கொண்டிருக்கும்போதே கடைசிக் குஞ்சும் அவன் உள்ளங்கையில் மூச்சடங்கியது.

லூர்து மேரி அழவில்லை. "வூடு வேணும்னு இதுங்க உங்களக் கேட்டுச்சாங்க?" என்றாள்.

அடுத்த கோடையிலும் மேடு தலைகாட்டியது. ஆலா ஒன்றுகூட வரவில்லை. டீக்கடையில் காலனி வீட்டுப் பேச்சை யார் எடுத்தாலும், சின்னப்பன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.