கியர் மாற விடாமல் ஓட்டிய கார்

பிள்ளைகள், உங்கட அம்மாவுக்கு ஒப்பரேஷன் செய்த வருடம் நம்மட பழைய ஓட்டோமேட்டிக் கார் கியர் மாறச் சுணங்கியது. எஞ்சின் இரைந்துகொண்டே போய், பிறகு ஒரு உதறு உதறி மாறும். கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் அந்த உதறல் அம்மாவின் தையலில் இழுக்கும்.

ஆரையம்பதி மெக்கானிக் கியர் ஒயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்து பார்த்தார்.

"ஒயில் கருகிட்டு அண்ணன். உள்ளுக்குக் கிளச் பிளேட்டும் தேஞ்சிட்டு. அந்தத் தூள் கலந்த பழைய ஒயில்லதான் பிளேட் இன்னும் பிடிக்குது. இப்ப புது ஒயில் விட்டா ஓடுற ஓட்டமும் நிண்டுரும்."

கடைசிக் கிளினிக்கில், இனிச் செய்ய ஒன்றுமில்லை, கூட்டிவரத் தேவையில்லை என்று டொக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். திரும்பும்போது கியர் மாறி உதறாதபடி லீவரை ஒன்றாம் கியரிலேயே வைத்து, களுவாஞ்சிக்குடி வீடு வரை ஊர்ந்து வந்தேன். பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹோன் அடித்து ஏசினார்கள்.

"காருக்குச் சுகமாகிட்டுப் போல," என்று அம்மா சிரித்தா.

"ஓம், திருத்தியாச்சு," என்றேன்.