இரண்டு ஒன்பது

சுனாமிக்குப் பிறகு வந்த நிவாரண நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. மட்டக்களப்பு அலுவலகத்தில் இருந்துகொண்டு இணையவழித் தொலைபேசிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே அழைப்புகளை வெளியே கடத்திவிடும் ஒரு கேட்வே பெட்டி, வாழைச்சேனைக் கிளையில் இன்னொன்று. வெளியே பேச முதலில் ஒன்பதை அழுத்துவது வழக்கம். பெட்டி அந்த ஒன்பதை வெட்டிவிட்டு மிச்ச இலக்கங்களை அனுப்பும். வாழைச்சேனை அழைப்போ இரண்டு பெட்டிகளையும் தாண்ட வேண்டும். இரண்டும் ஆளுக்கொன்றாய் வெட்டியதால் அங்குள்ளவர்கள் ஒன்பதை இரண்டு தரம் அழுத்தப் பழகிவிட்டார்கள். யாரும் முறையிடவில்லை. நானும் நாலு வருஷம் பேசாமல் இருந்தேன்.

யுத்தம் முடிந்த வருஷம் தலைமையகத்திலிருந்து வந்த ஒருவர் இதைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அன்றைக்கே வாழைச்சேனை அழைப்புகளில் மட்டக்களப்புப் பெட்டி எதையும் வெட்டாதபடி மாற்றினேன். இனி ஒரு ஒன்பது போதும் என்று எல்லோருக்கும் மின்னஞ்சலும் போட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டி நான்தான்.

அடுத்த இரண்டு புதன்கிழமையும் வாழைச்சேனையிலிருந்து போய்ச் சேராத அழைப்புகள் திரையில் வரிசையாக விழுந்தன. எல்லாம் இரண்டு ஒன்பதில் தொடங்கின. மின்னஞ்சல் படிக்காத சோம்பேறி யாரோ என்று மூடிவிட்டேன். அந்த நாட்களில் எனக்கு எல்லாமே அலுத்துப் போயிருந்தது.

மூன்றாம் புதன் வேறு வேலையாக அங்கே போனேன். சொந்தங்களோடு சனங்கள் பேசவென்று வாசலில் வைத்திருந்த தொலைபேசியருகே ஒரு தாய் நின்றார். மகன் யுத்தத்தில் ஒரு காலை இழந்து வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்தான். புதன் பத்து மணிக்கு அங்குள்ள சிற்றூழியர் தன் கைபேசியை அவனிடம் கொடுப்பாராம். இவரிடம் போன் இல்லை, எழுத வாசிக்கவும் தெரியாது. கிளையில் வேலைசெய்து மாற்றலாகிப் போன ஒரு பிள்ளை பழக்கிவிட்ட வரிசையை விரல் மட்டும் மனப்பாடமாய் வைத்திருந்தது. அழுத்தினார், கேட்டார், வைத்தார். திரும்பவும் அழுத்தினார்.

"எத்தினை நாளா இப்பிடி, அம்மா?"

"ரெண்டு கிழமையா, மனே. என்ட விரல்தான் பிழைக்குது எண்டு நினைச்சன். உங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டு சொல்லல்ல."

அவர் அழுத்திய இலக்கங்களையே ஒரே ஒன்பதோடு நானே அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். உடனே மணி போனது. சிற்றூழியர் எடுத்தார்.

"அம்மாவா? உங்கட மகனைத் திங்கக்கிழமை வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. எங்க எண்டு எனக்குத் தெரியாது. ரெண்டு புதனும் இந்தப் போனைக் கையில வச்சுக்கொண்டுதான் இருந்தவர்."

"பெட்டியை மாத்தினது நான் அம்மா. உங்கட விரல் பிழைக்கல்ல" என்றேன்.

அவர் ஏசவில்லை. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து, தொலைபேசிக்கு மேலே நீட்டிக்கொண்டு கேட்டார்:

"சரி மனே. மறுகா நான் இப்ப எந்த நம்பர அமத்திற?"