விரலைக் கடித்த ஷூவும் இரண்டு நாள் ஓட்டமும்

தம்பி தங்கைகளே, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் நான் வேலை பார்த்த காலத்தில், பள்ளி மைதானத்தில் இரண்டு நாள் ஓட்டப் போட்டி வைத்தார்கள். நடுவில் உட்காரலாம், தூங்கலாம். கடைசி விசில் வரை யார் அதிகச் சுற்று ஓடுகிறாரோ அவருக்குக் கோப்பை. நானும் என் தோஸ்துகள் சலீமும் தாஸும் பெயர் கொடுத்தோம்.

ஷூ தைக்கிறவர்கள் கடை ஷூ போடுவதா? ஆளுக்கொரு ஜோடி நாங்களே தைத்தோம், காலைக் கவ்விப் பிடிக்கிற அளவில். அங்கேதான் தப்பு செய்தோம். ஓட ஓடக் கால் வீங்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் என் விரல் நகங்கள் கறுத்து, ஷூவுக்குள் ரத்தம் கசிந்தது. மற்ற இருவருக்கும் அதே கதிதான்.

வேடிக்கை பார்க்க வந்த எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் சிரித்தார். "இன்னாப்பா, ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிற, உன் காலு அளவு தெரியலியா? போதும், வூட்டுக்குப் போ."

"விசில் ஊதட்டும் சார், போறேன்" என்றேன்.

சலீம் தோல் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்து, மூன்று ஜோடியிலும் முன்பக்கத்தை அறுத்தெறிந்தான். விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க நொண்டி நொண்டி ஓடினோம்.

"சார், புது மாடல்! எக்ஸ்போர்ட்டுக்கு அனுப்பலாமா?" என்று தாஸ் கத்தினான்.

கோப்பை வேறு யாருக்கோ போனது. ஆனால் விசில் ஊதியபோது நாங்கள் மூவரும் ஓடிக்கொண்டிருந்தோம்.

இப்போதெல்லாம் என் பிள்ளைகளுக்கு ஷூ வாங்க, அவர்கள் ஓடியாடி முடித்த சாயங்காலத்தில்தான் போகிறேன். விரலுக்கு முன்னால் இடம் விட்டுத்தான் வாங்குகிறேன். ஓடாதே என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.