கச்சிதமாகப் பொருந்திய வயர்

கோட்டூர்புரம் வீட்டில் மேசை சிறியது. அதற்கேற்ற குட்டிப் பெட்டியில் நானே பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டரை அமைத்தேன். மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் கழற்றி மாட்டும் வயர்கள் பெட்டியில் அடங்காததால், அளவெடுத்து வெட்டிச் சுருக்கினேன்.

சென்ற மாதம் அந்த எஸ்.எம்.பி.எஸ் பழுதாக, வேறு கம்பெனியுடையதை வாங்கினேன். என் பழைய வயர்கள் அதிலும் கச்சிதமாகப் பொருந்தின. சுவிட்சைப் போட்டதும் கருகல் வாடை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. என் மனைவி டியூஷன் எடுப்பவள். அவளுடைய பாடக் குறிப்புகள் மொத்தமும் அதில்தான் இருந்தன.

சிந்தாதிரிப்பேட்டையில் பழுது பார்ப்பவர் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தார். "வயரு வாய் ஒரே மாரி கீதுன்னு சொருவிட்டியா நைனா? கம்பெனிக்குக் கம்பெனி உள்ள வயர் வரிசை மாறும். அஞ்சு வோல்ட் போற எடத்துல பன்னெண்டு போயிருக்குது."

டிஸ்க்கைக் காக்கவென்றே இருக்கும் ஒரு சின்ன பாகம் மட்டும் எரிந்திருந்தது. அவர் அதை நீக்கியதும் டிஸ்க் ஓடியது; குறிப்புகள் பிழைத்தன.

இப்போதெல்லாம் எஸ்.எம்.பி.எஸ்ஸோடு வந்த வயரைத் தவிர வேறெதையும் சொருகுவதில்லை. நீளமாக இருந்தால் மடித்துக் கட்டிவிடுகிறேன்.

மனைவி குறிப்புகளை இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து பீரோவில் பூட்டியிருக்கிறாள். சாவி எங்கே என்று கேட்டேன்.

"அது உங்களுக்கு எதுக்கு?" என்றாள்.