சேவலின் காலில் கட்டிய சீட்டு

சேவலைக் கொடியிலே உயர்த்தி, மயிலை ஊர்தியாகக் கொண்டு, அடைந்தவரை அஞ்சாதே என்று தாங்கும் ஆறுமுகப் பெருமானே, அச்சத்திலேயே கழிந்த ஒரு நாளை எழுத அமர்கிறேன். சொல் கோணாதபடி முன்நின்று காத்தருள்வாயாக.

அந்த நாள் ஐப்பசி மாதத்து வளர்பிறைச் சஷ்டி. கந்தசஷ்டி விரதத்தின் ஆறாம் நாள். சூரன் போர் நிகழும் திருநாள். சனிக்கிழமையாகவும் அமைந்திருந்தது. இலங்கையில் சமாதானப் பேச்சு நடந்து, யாழ்ப்பாணத்துக்குத் தரைவழிப் பாதை திறந்திருந்த ஆண்டுகளுள் ஒன்று அது. நோர்வேயின் ஒஸ்லோ நகரில், புருசெத் பகுதியின் அடுக்குமாடி ஒன்றில், மகளும் மருமகனும் வாழ்ந்த வீட்டில் நானும் இருந்தேன்.

பாதை திறந்தும் மருமகனுக்குப் பயனில்லை. அவர் அகதியாக வந்தவர். அவர் கையிலிருந்த பயணப் பத்திரம் இலங்கை தவிர்ந்த நாடுகளுக்கே செல்லுபடியாகும். யாழ்ப்பாணத்திலே அவருடைய தாயார் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். அவரைக் காண நோர்வேக் குடியுரிமை வேண்டும்; அதற்கு விண்ணப்பித்துவிட்டு மருமகன் முடிவுக் கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடைக்காலத்தில் பொலிசில் ஒரு சிறு குற்றம் பதிவானாலும் முடிவு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும் என்று அறிந்தவர்கள் எச்சரித்திருந்தார்கள். தாயாருக்கு அத்தனை ஆண்டுகள் இல்லை. இதை நாங்கள் மூவரும் அறிந்திருந்தோம். ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாகனமே வராத வீதியிலும் பச்சை விளக்கு எரியும்வரை மருமகன் காத்து நிற்பார்.

அத்தகையவர் வேட்டைக்குப் போனார் என்றால் வியப்பாக இருக்கும். அவருடைய வேலைத்தளத்து மேலாளருக்கு நகரின் வடக்கே காட்டு நிலம் இருந்தது. அவரோடு பழகிய பழக்கத்தில் மருமகன் வேட்டைப் பரீட்சை எழுதித் தேறினார். முறைப்படி அனுமதி பெற்று, சுடுவதற்கு ஒரு துவக்கும் வாங்கினார். துவக்குக்கு அஞ்சி நாட்டைவிட்டு வந்தவர் துவக்கு வாங்கியது எனக்கு விளங்கவில்லை. கேட்டால், "இஞ்சை அது வேறை மாமா" என்பார். அந்த ஆண்டில் மேலாளர் அவருக்கு ஒதுக்கியது அந்த ஒரு சனிக்கிழமை மட்டுமே.

மகளுக்கு அன்று மருத்துவமனையில் வேலை. ஐந்து நாள் பாலும் பழமுமாக இருந்த என்னை வீட்டில் தனியே விட அவளுக்கு மனமில்லை.

"அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள்.

"சூரன் போருக்குக் காட்டுக்கோ? மாமா எனக்குச் சாபம் போடுவார்."

"அப்பா ஹித்தைக்குள்ளை இருந்து பாட்டுப் படிப்பார். நீங்கள் சுடுறதைச் சுட்டுப்போட்டு, பின்னேரம் அப்பிடியே கோயிலடியிலை கொண்டுபோய் இறக்குங்கோ. பிந்தினால் நான் போடுவன் சாபம்."

ஹித்தே என்பது இந்நாட்டார் காட்டில் கட்டும் மரக்குடில். உயிர்க்கொலை நடக்கும் இடத்துக்கு விரதகாரன் போவதா என்று என் மனம் இடித்தது. ஆயினும் மகளின் முகத்தைப் பார்த்து உடன்பட்டேன். பதிகங்கள் அடங்கிய என் புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

போகும் வழியெல்லாம் மருமகன் விதிகளையே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குச் சொன்னாரா, தமக்குத் தாமே சொன்னாரா என்று தெரியவில்லை.

"சுடுறது பெரிய காரியமில்லை மாமா. அதைச் சரியா வீட்டை கொண்டுவந்து சேர்க்கிறதுதான் காரியம்."

அந்தக் காட்டில் அந்த ஆண்டு காட்டுச்சேவலை மட்டுமே சுடலாம்; பெட்டையைத் தொடக்கூடாது. சுட்டது சேவல்தான் என்று எவரும் கண்டறியும்படி, வீடு சேரும்வரை தலையையும் ஒரு சிறகையும் நீக்கக்கூடாது. பறவையை நகர்த்துமுன் பெயரும் நாளும் இடமும் எழுதிய சீட்டை அதில் கட்டிவிட வேண்டும். உடற்சூடு ஆறுமுன் பிளாஸ்டிக் பையில் இட்டால் இறைச்சி பழுதாகும். ஆகவே தழைகளின்மேல் காற்றுப்பட வைக்க வேண்டும். துவக்கு வெறுமையாக, உறைக்குள் இருக்க வேண்டும். காணிக்காரரான மேலாளர் வகுத்தவற்றையும் பரீட்சைக்குப் படித்தவற்றையும் அவர் ஒன்றாகக் கலந்து ஒப்புவித்தார். சீட்டு என்று வரும்போதெல்லாம் குரல் சற்றுத் தாழ்ந்தது.

"சீட்டில்லாமல் பிடிபட்டால் களவாச் சுட்டதெண்டுதான் நினைப்பினம். பிறகு பொலிஸ். பிறகு…" என்று நிறுத்தினார்.

"நீர் ஒழுங்கான ஆள். ஏன் யோசிக்கிறீர்?" என்றேன். அந்தச் சொல் பிற்பகலிலே என்னைச் சுடும் என்று அப்போது அறியேன்.

குடிலில் அடுப்பை மூட்டி என்னை அமர்த்திவிட்டு அவர் காட்டுக்குள் நடந்தார். நான் ஓதத் தொடங்கினேன். நண்பகல் அளவில் தொலைவில் ஒரு வெடி கேட்டது. பாடிக்கொண்டிருந்த அடி நாவில் அறுந்தது; விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க நெடுநேரம் ஆயிற்று. சூரன் பிளவுபட்டுச் சேவலும் மயிலுமாக மாறிய நாளிலே ஒரு சேவல் வீழ்ந்ததோ என்ற எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை.

அவர் பறவையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். வான்கோழி அளவு பெரியது. கரிய உடல், கழுத்தில் பச்சை ஒளி, கண்ணின்மேல் சிவந்த புருவம். வால் விரிந்தபோது மயிலின் சாயலும் இருந்தது. காரின் பின்புறத்தில் தழைகளைப் பரப்பி அதைக் கிடத்தினார். குடிலின் பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார்.

பார்க்கக்கூடாது என்றிருந்தவன் பார்த்தேன். பறவையின் வலக்காலில், நகங்களுக்குச் சற்று மேலே, நூலால் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது. பென்சிலால் எழுதிய எழுத்துகள்; அவற்றுள் மருமகனின் பெயர், என் மகள் தன் பெயரோடு சேர்த்து எழுதும் அந்தப் பெயர். உயிர் பிரிந்த ஒன்றின் காலிலே குடும்பத்தின் பெயர் தொங்கியது.

நிலத்தில் கிடக்கும் கடதாசித் துண்டைக்கூட மிதிக்காமல் எடுத்துக் கண்ணில் ஒற்றும் வழக்கத்தில் வளர்ந்தவன் நான். எழுத்து, கலைமகளின் வடிவம். அதைக் காலிலே கட்டுவதா? விதிகள் அனைத்தையும் காலையிலே கேட்டிருந்தேன். ஆயினும் என் கை அவற்றைக் கேட்டிருக்கவில்லை. நூலை அவிழ்த்தேன், சீட்டைக் கண்ணில் ஒற்றிப் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே வைத்தேன். மருமகன் வந்ததும் சொல்லி, வேறிடத்தில் கட்டச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

அப்போதுதான் விரலில் குருதிக் கறையைக் கண்டேன். இந்தக் கையாலா புத்தகத்தைத் தொட்டேன்! புத்தகத்தைத் துணியோடு குடிலின் வெளியே இருந்த வாங்கில், அந்த நீண்ட மர இருக்கையில், வைத்துவிட்டு, பனியை அள்ளிக் கைகளைத் தேய்த்தேன். கறை போயிற்று, மனத்தில் போகவில்லை. மீண்டும் மீண்டும் தேய்த்தேன்.

"மாமா, நேரம் போகுது. கோயிலுக்குப் பிந்தப் போறம். ஏறுங்கோ, ஏறுங்கோ."

ஏறினேன். கை மரத்திருந்தது; நெஞ்சு மந்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தது. புத்தகத்தையும் மறந்தேன், சீட்டையும் மறந்தேன்.

காட்டுப் பாதை பெருவீதியைச் சேருமிடத்தில் ஒரு தடைமரம் இருந்தது. அதனருகே வேட்டையை மேற்பார்வை செய்யும் பெண்ணொருத்தி நின்று கையைக் காட்டினாள். வீதியில் மறித்துப் பத்திரம் கேட்கும் எவரைக் கண்டாலும் எங்கள் கை பத்திரத்தைத் தேடும். அது ஊரிலே கற்ற பழக்கம். மருமகன் இறங்கி அனுமதிகளை நீட்டினார். துவக்கைப் பார்த்தாள், தலையசைத்தாள். பறவையைப் பார்த்தாள், நல்ல சேவல் என்றாள். பிறகு அதன் கால்களைத் தூக்கிப் பார்த்து ஏதோ கேட்டாள்.

மருமகன் தழைகளைப் புரட்டினார். இருக்கையின் அடியிலே தேடினார். "சீட்டைக் கட்டினனான் மாமா. என்ரை கையாலை கட்டினனான்" என்று தமிழில் என்னிடம் சொன்னார்.

அந்தக் கணத்தில்தான் எனக்கு நினைவு வந்தது. மடியைத் தடவினேன். புத்தகம் இல்லை. அந்தப் பெண் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தை எடுத்துக் காரின் எண்ணை எழுதத் தொடங்கினாள். அவள் பென்சில் நகர்ந்த ஒவ்வொரு அசைவிலும் யாழ்ப்பாணத்துக் கட்டிலில் கிடந்த அந்த அம்மையார் ஓராண்டு அப்பால் போவதாக எனக்குத் தோன்றியது.

"தம்பி, நான்தான் அவிட்டனான்" என்றேன்.

"என்ன?"

"எழுத்தைக் காலிலை கட்டியிருந்தது. எனக்குப் பொறுக்கேல்லை. அவிட்டுப் பாட்டுப் புத்தகத்துக்குள்ளை வைச்சனான். புத்தகம் ஹித்தை வாங்கிலை கிடக்கு. இவவுக்குச் சொல்லும்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "இதை நான் எப்பிடி மாமா நொஷ்கிலை சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார். பிறகு நோர்வே மொழியில் நெடுநேரம் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள், நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள், வெறுங்கையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. குடிலுக்குத் திரும்பிப் போகலாம், தானும் பின்னால் வருவதாக அவள் சொன்னாள் என்று மருமகன் மொழிபெயர்த்தார்.

பனி கொட்டத் தொடங்கியிருந்தது. மேலாளர் வந்து புத்தகத்தை எடுத்துப் போயிருப்பாரோ, ஈரத்தில் எழுத்து அழிந்திருக்குமோ, காற்று ஏட்டைப் புரட்டிச் சீட்டைக் கொண்டுபோயிருக்குமோ என்று எண்ணி எண்ணிச் சோர்ந்தேன். கண்ணாடியில் அவளுடைய காரின் விளக்குகள் எங்களை விட்டு அகலவேயில்லை.

வாங்கின்மேல் பனி படிந்த ஒரு சிறு மேடு இருந்தது. எடுக்கக் கை நீட்டியவன் நிறுத்தினேன்; அந்தக் கையால் எடுக்க மனம் ஒப்பவில்லை.

"எடுங்கோ மாமா" என்றார் மருமகன். "பெருமான் கோவிக்கமாட்டார்."

எடுத்தேன். துணி நனைந்திருந்தது, ஏடுகள் உலர்ந்திருந்தன. சீட்டும் நூலும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. அவள் வாங்கி, பெயரையும் நாளையும் இடத்தையும் அனுமதிப் பத்திரத்தோடு ஒப்பிட்டாள். பின் பறவையிடம் போனவள், காலைத் தூக்கிவிட்டு, ஏதோ நினைத்தவளாய்க் காலை விட்டுவிட்டுச் சிறகின் மூட்டில் கட்டினாள். சீட்டுப் பறவையில் இருக்க வேண்டும் என்பதே விதி, எந்த உறுப்பில் என்று இல்லை என்றாளாம். குறிப்புப் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். எழுதியதை அடித்தாளா என்பதை நாங்கள் பார்க்கவில்லை, கேட்கவும் துணியவில்லை.

நகருக்குத் திரும்பி, நீராடி, கோயிலை அடைந்தபோது சூரன் போர் முடிந்து தீபாராதனையும் ஆகியிருந்தது. வாழ்நாளில் நான் தவறவிட்ட முதற் சூரன் போர் அதுவே. மூடிய திரையின் முன்னே நின்று ஒன்றே ஒன்றைக் கேட்டேன்: என் பிழைக்கு உரியதை என்னிடம் எடுத்துக்கொள், அந்தத் தாயிடம் எடுக்காதே.

பறவை ஒரு கிழமை பல்கனியில் தொங்கியது. குளிரிலே தொங்கினால்தான் இறைச்சி பதமாகுமாம். "அப்பா, உங்கடை சேவல் இன்னும் உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது" என்று மகள் பகிடி பண்ணுவாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிறகில் ஆடிய சீட்டையே பார்த்திருந்தேன். கார்த்திகையும் மார்கழியும் தபாற்பெட்டியின் ஓசையிலேயே போயின. உறை வந்தால் நெஞ்சு நிற்கும். மின்சாரக் கட்டணமாக இருந்தால் மீண்டும் அடிக்கும்.

தை மாதத்தில் அந்தக் கடிதம் வந்தது. மருமகன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று பிரித்தார். படித்து முடித்தார்; குடியுரிமை கிடைத்திருந்தது. தாளை மடித்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் அதற்குமுன் கண்டதில்லை. பங்குனியில் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார். "அம்மா என்னை அடையாளம் கண்டிட்டா மாமா" என்றார்.

இதைப் படிக்கும் அனைவருக்கும், எதிர்பார்த்திருக்கும் ஓலை காலம் தவறாமல் கைசேர்வதாக. வழிமறிக்கும் இடத்தில் வேண்டிய சீட்டுக் கையில் இருப்பதாக. காண வேண்டியவரைக் காணும்வரை இருவர் உயிரையும் வேலவன் காப்பானாக. நலமே விளைக.