கடைசிக்கு வைத்த வானம்

கண் டாக்டர் கெட்ட செய்தியைச் சொன்னது என் மனைவியிடம். மயங்கி விழுந்தது நான். நர்சு முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியபோது, மனைவி தன் பரிசோதனைச் சீட்டால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"இவருக்குச் சுகர் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க, பயம்தான் இருக்கு."

நான் தரையில் கிடந்த நேரத்தில் அவர் என்னென்னவோ சொல்லியிருக்கிறார். எழுந்த பிறகு என் காதில் விழுந்தது ஒன்றுதான்: பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், மருந்து கிடையாது. மிச்சத்தைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. கேட்டால் மறுபடி விழ வேண்டியிருக்கும். அந்த ஆஸ்பத்திரித் தரை வேறு கிரானைட்.

எனக்குப் பதற்றம் வந்தால் கை சும்மா இருக்காது. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்காகக் கோயில் திருவிழாக்களில் வாணவேடிக்கை நடத்திக் கொடுப்பது என் தொழில். அதே மாதிரி அவள் கண்களுக்கும் ஒரு நிகழ்ச்சி போட்டேன். முதலில் இருக்கன்குடி மாரியம்மன். அடுத்தது குற்றாலத்து அருவி, பிறகு தூத்துக்குடிக் கடல். மூன்றையும் ஓடி ஓடிக் காட்டி முடித்தேன். பெரிய சரக்கை முதலிலேயே விட்டுவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். அதைக் கடைசிக்கு வைப்பதுதான் எங்கள் வழக்கம். நானும் வைத்தேன்.

கடைசிக்கு வைத்தது நட்சத்திரம். 'உங்க வெடிப்புகையில வானமே ஒழுங்காத் தெரியமாட்டேங்குது' என்று, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு குறை உண்டு.

அவளுக்கு மூட்டுவலி, எனக்குப் பாம்பு பயம். அதனால் படுக்கை, கழிப்பறையோடு ஒரு கேரவனை வாடகைக்குப் பிடித்தேன். எங்கள் பக்கத்தில் கேரவன் என்றால் நடிகர்கள் மேக்கப் போடுகிற வண்டி. அது தெருவில் வந்து நின்றதும் கூட்டம் கூடிவிட்டது.

"ஏலே, உள்ள யாருலே?"

கதவைத் திறந்து தலையை நீட்டினேன்.

"ச்சே, நம்ம அண்ணாச்சி!"

தெரு காலியானது.

அன்று அமாவாசை. சாத்தூரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் வண்டியை நிறுத்தினோம். டார்ச் அடித்துச் சக்கரத்துக்கு அடியில், படிக்கு அடியில், நாற்காலிக்கு அடியில் எல்லாம் பாம்பு தேடினேன். டிரைவர் தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்குகளை அணைத்துவிட்டு, முன்சீட்டில் போய்ப் படுத்துக்கொண்டான். நாங்கள் இருவரும் வெளியே நாற்காலிகளில் உட்கார்ந்தோம்.

அண்ணாந்து பார்த்தேன். மத்தாப்பில் வெள்ளைப் பொறிக்குப் போடுகிற அலுமினியப் பவுடர் மூட்டை கிழிந்து வானம் முழுக்கக் கொட்டியிருந்தது. இவ்வளவையும் சத்தமில்லாமல் எவன் நடத்துகிறான் என்று தொழில் பொறாமை வந்தது.

"எப்பிடி இருக்கு?" என்றேன், ஏதோ நானே செய்து வைத்தது போல.

"லைட்டை அணைச்சதுல இருந்து எனக்கு ஒண்ணும் தெரியலங்க."

"கண்ணு பழகும். கொஞ்சம் பொறு."

"பழகாது." அவள் குரலில் வருத்தம்கூட இல்லை. "இருட்டுல பாக்குறதுதான் மொதல்ல போகும்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. நீங்க கீழ கெடந்தீக. எனக்கு அது போயி மாசக்கணக்காச்சு."

"பெறகு ஏன் வந்தே?"

"அம்புட்டு ஆசையா ஏற்பாடு பண்றீக. எப்பிடிச் சொல்ல?"

அருவியை அவள் நாளைக்கும் பார்க்கலாம். கடலையும் பார்க்கலாம். பகலில் தெரிகிறதையெல்லாம் அவசர அவசரமாகக் காட்டிவிட்டு, முதலில் அணையப் போவதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். பாம்புக்குப் பயந்து நாற்காலி மேல் தூக்கி வைத்திருந்த கால்கள் எப்போது தரைக்கு வந்தன என்று தெரியவில்லை.

"சரி, நீங்க பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு எரிநட்சத்திரம் கிழக்கே கோடு கிழித்துக்கொண்டு போனது. "அந்தா! அந்தா ஓடுது!" என்று கத்திவிட்டேன்.

"சத்தமே கேக்கலையே?"

"அதுக்குச் சத்தம் கெடையாது."

"ஆமா, ஒங்க கதையக் கேட்டுக் கேட்டுத்தான எனக்கு முடி நரைச்சிருச்சு." சிரித்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் பார்த்த ஆகாயத்தில் வெளிச்சம் வந்தால் பின்னாலேயே வெடியும் கேட்கும். இதற்குச் சாட்சி நான் ஒருவன்தான். என் சாட்சி எங்கள் வீட்டில் செல்லாது.

சிரித்து முடித்தபின் கேட்டாள்: "நட்சத்திரம் எம்புட்டு இருக்கும்?"

வேறு நாளாக இருந்தால், 'லட்சத்துப் பதினேழு, அதுல மூணு இன்னைக்கு லீவு' என்றிருப்பேன். வாயைத் திறந்தேன். ஒரு எண்ணும் வரவில்லை.

"தெரியல," என்றேன். அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே குரல் உடைந்துவிட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இப்பத்தான் நெசமாப் பாக்கீக. மெதுவாச் சொல்லுங்க. இந்த ஓரத்துல இருந்து."

கையை நீட்டிக் காட்டினாள்.

"அங்கன வண்டிக் கூரைதான் இருக்கு," என்றேன். அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கினேன். "இங்கன ஒண்ணு இருக்கு."