வெர்லீனின் தோள்

வெர்லீன் பெட்வேக்குக் கோபம் வரக் காரணமே வேண்டியதில்லை. நடனக் குழு இருந்தாலே போதும். பகலெல்லாம் தண்ணீர் வரி அலுவலகத்தில் ஊராரின் வசவை வாங்கிக்கொள்வாள். மாலையில், தான் படித்த அதே கறுப்பினக் கல்லூரிக்குப் போய் பயிற்சி கொடுக்கிறேன் என்று நடனக் குழுப் பெண்களைத் திட்டித் தீர்ப்பாள். "தூக்கத்துலகூட ஆடி உதைக்கிறடி" என்று புருஷன் லூஷியஸ் பக்கத்து அறைக்குப் போய்ப் பல வருஷமாயிற்று.

அந்தச் சனிக்கிழமை மிசிசிப்பி வெயில் மண்டையைப் பிளந்தது. ஃபுட்பால் போட்டி நடந்த ஸ்டேடியத்தின் கேலரியில், கல்லூரி பேண்டுக்கு முன்னால் மினுமினுக்கும் உடையில் குழு நின்றது. பேண்டு தொடங்கியதும் கேப்டன் வாய் திறக்காமல் ஓர் ஆட்டத்தை எடுப்பாள். பின்வரிசைகள் ஒவ்வொன்றாக அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். புதுக் கேப்டன் டனாயாவுக்கு மட்டும் அது அமையவே இல்லை. இன்றும் வரிசை கலைந்தால் கேப்டன் பட்டையைப் பிடுங்கிவிடுவதாக வெர்லீன் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

கலைந்தது. டனாயா இடுப்பை வளைத்தாள். பின்வரிசைகள் கையை வீசின. எதிர்க் கல்லூரிக் கூட்டம் ஊளையிட்டது.

பாட்டு நின்றதும், கீழே ஓடுபாதையில் நின்றிருந்த வெர்லீன் கத்தினாள். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? முன்னாடி நிக்கிறவ என்ன தூணா? டனாயா, பட்டையக் கழட்டு!"

டனாயா கழற்றவில்லை. "கோவிச்சுக்காதீங்க மிஸ் வெர்லீன். அவளுங்க உங்களத்தான் பாக்குறாளுங்க."

"நான் என்னடி பண்ணேன்? சும்மாதானே நிக்கிறேன்?"

"எங்க சும்மா நிக்கிறீங்க? பேண்டு ஆரம்பிச்சா உங்க தோளுதான் முதல்ல ஆடுது. நீங்க கேப்டனா இருந்தப்ப எடுத்த ஆட்டமாம். உங்க வரிசையில ஆடுன எங்கம்மாவே சொன்னாங்க."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். வெர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டிரம் அதிர்ந்தது. வலது தோள் தானாக எழும்பியது. மேலே பின்வரிசையில் அத்தனை கைகளும் எழும்பின.

"சனியன் பிடிச்ச தோளு!"

விடுவிடுவென்று போய், கேலரிச் சுவரின் அடியில் தரையோடு தரையாக உட்கார்ந்தாள். மேலிருந்து இனி யாருக்கும் அவள் தெரியமாட்டாள். அவளாலும் குழுவைப் பார்க்க முடியாது. இத்தனை வருஷத்தில் ஓர் ஆட்டத்தைக்கூட அவள் பார்க்காமல் விட்டதில்லை. எரிச்சலில் கண்ணீரே வந்துவிட்டது.

பேண்டு மறுபடி முழங்கியது. தலைக்கு மேலே பூட்ஸுகள் வரிசை வரிசையாகப் பிசகாமல் விழுந்தன. கூட்டம் எழுந்து டனாயாவின் பெயரைக் கத்தியது.

"எந்த ஆட்டம்டி எடுத்தா?" வெர்லீன் சுவரைத் தட்டினாள். "யாராவது சொல்லித் தொலைங்களேன்!"

ஒருத்திக்கும் கேட்கவில்லை.